தாயக்கட்டையில் திருடப் போகும் கரடிகள்

பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டை உள்ளங்கையில் உரசி உருட்டினால், அவை 16 விதமாக விழலாம். கட்டை ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம்: ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. கூட்டினால் மூன்று வர 4 வழி உண்டு. தாயம், அதாவது ஒன்று, விழ 2 வழி. ஆறு விழ ஒரே வழி. இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு ஆகவும் ஒரே வழி. தாயம் போட்டுக் காயை இறக்கக் காத்திருப்பவருக்கு ஒவ்வோர் உருட்டலிலும் எட்டில் ஒரு வாய்ப்புதான். பரணில் கிடக்கும் கட்டைக்குள் இத்தனை கணக்கு. இதே கட்டையை வைத்து, சைதாப்பேட்டை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடி ஒரு கரடிக் கூட்டத்தைத் தேன் திருட அனுப்பலாம்.

பகடை நமக்குப் புதிதல்ல. கீழடியில் தந்தப் பகடையே கிடைத்திருக்கிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் ஆடுபவர் முடிவெடுக்க ஒன்றுமில்லை; பாம்பா ஏணியா என்பதை உருட்டலே சொல்லிவிடும். தாயத்தில் எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது என்று யோசிக்க இடமுண்டு. மூன்றாவது வகை ஒன்று 1974-இல் அமெரிக்காவில் அச்சேறியது: கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. இதில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம் ஏற்று, அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதை வாயால் சொல்கிறார். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் பகடை உருளும். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். ரோல்பிளேயிங் கேம் என்று உலகம் சொல்லும் இதை இங்கே கதையாட்டம் என்றும், நடத்துபவரைக் கதைசொல்லி என்றும் வைத்துக்கொள்வோம்.

ஞாயிறு மாலை, ஐந்து பேர், மூன்று மணி நேரம். யாருக்கும் விதி தெரியாது, படிக்கப் பொறுமையும் கிடையாது. சிரிக்க மட்டும் ஆசை. இவர்களிடம் இன்றைய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்று அடிப்படை நூல்களைக் கொடுத்தால், ஆயிரம் பக்கத்துக்கு மேல். மாலை அங்கேயே முடிந்துவிடும். வேறு ஆட்டம் வேண்டும்.

நகைச்சுவைக் கதையாட்டங்களின் நுட்பம் வசனத்தில் இல்லை. தோற்றால் என்ன ஆகும் என்ற விதியில் இருக்கிறது. 1984-இல் வந்த 'டூன்' கார்ட்டூன் பாத்திரங்களின் ஆட்டம். அதில் யாரும் சாவதில்லை. அடிபட்டு வலு தீர்ந்தால் 'விழுந்துவிட்டார்' என்று கணக்கு. கடிகாரத்தில் மூன்று நிமிடம் கழித்து முழு வலுவோடு திரும்பி வரலாம். தோல்விக்கான விலை மூன்று நிமிடம் என்று தெரிந்தவுடன், எப்போதும் யோசித்து யோசித்துக் காய் நகர்த்துகிறவர்கூட மாடியிலிருந்து குதிக்கத் துணிகிறார்.

அதே ஆண்டில் வந்த 'பாரனாயா' இன்னும் குறும்பு. எதிர்கால நகரம் ஒன்றை ஒரு கணினி ஆள்கிறது. ரகசியச் சங்கத்தாரையும் பிறவியில் விசித்திர சக்தி பெற்றவர்களையும் பிடித்துவர ஆணையிடுகிறது. பிடிக்கப் போகும் ஒவ்வொருவரும் ரகசியச் சங்க உறுப்பினர், ஒவ்வொருவருக்கும் விசித்திர சக்தி உண்டு. இரண்டையும் மற்றவரிடம் மறைக்க வேண்டும். செத்தால் அடுத்த நகல் வரும். ஆளுக்கு மொத்தம் ஆறு உடல். அற்புதமான பொறி இது. ஆனாலும் முதல் மாலைக்கு இதை எடுக்க மாட்டேன். ஒருவரையொருவர் மாட்டிவிடுவதே இதன் உயிர்; கூச்சப்படுகிறவர் ஒதுங்கிவிடுவார்.

என் தேர்வு 'ஹனி ஹைஸ்ட்'. கிராண்ட் ஹோவிட் 2017-இல் எழுதியது. விதிகள் முழுவதும் ஒரே பக்கம். எல்லோரும் கரடிகள், பெரிய தேன் கண்காட்சியில் புகுந்து கொள்ளையடிக்க வேண்டும். ஒவ்வொரு கரடிக்கும் இரண்டே எண்கள்: 'திருடன்' 3, 'கரடி' 3. பூட்டைத் திறப்பது திருடன் வேலை, கதவை இடிப்பது கரடி வேலை. ஆறுமுகப் பகடை அந்த எண்ணுக்குள் விழுந்தால் வெற்றி. திட்டம் சொதப்பினால் திருடனில் ஒன்று குறைந்து கரடியில் ஒன்று ஏறும். நினைத்தபடி நடந்தால் நேர்மாறு. கரடி 6-ஐத் தொட்டால் திட்டமெல்லாம் மறந்து முழு மிருகமாகிவிடும். திருடன் 6-ஐத் தொட்டால் கூட்டாளிகளையே ஏமாற்றிவிடும்.

இந்தச் சின்ன விதிக்குள் இருப்பது பின்னூட்டச் சுழல்: விளைவு திரும்பி வந்து தன் காரணத்தையே பலப்படுத்துவது. திருடன் 3-இல் தோற்கும் வாய்ப்பு 50 சதவீதம். ஒருமுறை சொதப்பினால் 67. மறுபடி சொதப்பினால் 83. தந்திரமாகவே மூன்று முயற்சி செய்து மூன்றிலும் தோற்று மிருகமாகும் வாய்ப்பு 28 சதவீதம். எண்கள் மாறாமலே இருந்தால் அது 12.5தான். அதே நேரத்தில் கதவை இடிக்கும் வேலை 50, 67, 83 என்று சுலபமாகிக்கொண்டே போகிறது. நிதானமாகத் திட்டம் போட்டு வந்தவரை, இடித்துத் தள்ளச் சொல்லிக் கணக்கே சீண்டுகிறது. நகைச்சுவை நடிப்பு வராதவருக்கும் இங்கே நகைச்சுவை தானாக வரும்.

இனி தாயக்கட்டை. பன்னிரண்டு விழுந்தால் எப்போதும் தோல்வி என்று ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள். எண் 3-க்குள் விழ 16-இல் 9 வழி, 2-க்குள் 5, 1-க்குள் 2. மூன்றிலும் அடுத்தடுத்துத் தோற்பது 26 சதவீதம். ஆறுமுகப் பகடைக்கு மிக அருகில்! முக்கிய வேறுபாடு: மூன்றும் அதையொட்டிய எண்களும் அடிக்கடி வருவதால், எண் 4-இல் இருப்பவர் 67-க்குப் பதில் 75 சதவீதம் வெல்வார். கடைக்குப் போக வேண்டாம். பரணில் இருப்பதே போதும்.

தேன் கண்காட்சியை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் வையுங்கள். சென்னைப் புத்தகக் காட்சிக்கு அங்கே போய்வந்தவர்களுக்கு வாசல், வரிசை, கேன்டீன் எல்லாம் மனப்பாடம். கதைசொல்லி வரைந்து காட்ட வேண்டியதில்லை. சைதாப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஒரே நிலையம். டிக்கெட் கதவை நாலு கரடி எப்படித் தாண்டும் என்பதிலேயே அரைமணி நேரம் ஓடும். கதைசொல்லியாகத் தெருக்கூத்துக் கட்டியங்காரன் மாதிரி ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்: யார் என்ன கத்தினாலும் ஒரு பதில் சொல்லி, கதையை மட்டும் கைவிடாதவர்.

ஆட்டத்தில் ஒரு தொப்பிப் பட்டியலும் உண்டு. அதில் எட்டு வரி. கடைசி வரியில் விழுபவர் இரண்டு முறை உருட்டி இரண்டு தொப்பியும் அணிய வேண்டும். தாயக்கட்டையில் வரும் தொகைகள் ஏழு என்பதால் நம் பட்டியலுக்கு ஏழு வரி: 1 ஹெல்மெட், 2 முண்டாசு, 3 மங்கி குல்லா, 4 கிரிக்கெட் தொப்பி, 5 மாப்பிள்ளைத் தலைப்பாகை, 6 எம்.ஜி.ஆர். தொப்பி. பன்னிரண்டுக்கு இரட்டைத் தொப்பி. நான்கில் ஒரு முறை மூன்று விழும். அதனால் உங்கள் கூட்டத்தில் ஒரு கரடியாவது மங்கி குல்லாவோடு வரும் என்று நம்பலாம், எம்.ஜி.ஆர். தொப்பிக்குத்தான் அதிர்ஷ்டம் வேண்டும், 16-இல் ஒன்று.