ஊரை எண்ணிப் பார்க்கும் கல்வி

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழ்வோர் உள்ளத்தில் இரண்டு கேள்விகள் எழாமல் இருப்பதில்லை. நாம் ஏன் ஊரை விட்டு வர நேர்ந்தது என்பது ஒன்று. நம் பிள்ளைகளும் இவ்வாறே பிழைப்பைத் தேடிப் போகத்தான் வேண்டுமா என்பது மற்றொன்று. இவற்றுக்கு விதியைக் காரணம் காட்டி அமைதி கொள்வது எளிது. ஆயினும், ஓரிடத்தில் வேலை பெருகுவதும் மற்றோரிடத்தில் அது அருகிப் போவதும் காரணமின்றி நிகழ்வன அல்ல. அக்காரணங்களை ஆராய்ந்து தெளிவதே பொருளாதாரக் கல்வியின் பணியாகும். அக்கல்வியைத் தலைநகராகிய தில்லியில் வளர்த்த ஒரு முயற்சியையும், அதனால் நமக்கு விளையும் பயனையும் இங்குக் காண்போம்.

தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 'தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்' என்னும் கல்விக்கூடம் 1949ஆம் ஆண்டில் தோன்றியது. அதனை நிறுவியவர் டாக்டர் வி. கே. ஆர். வி. ராவ். அவர் பிறந்த ஊர் காஞ்சிபுரம்; பிறந்த ஆண்டு 1908. பம்பாயிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற அவர், இந்தியாவின் நாட்டு வருமானத்தைக் கணக்கிடும் அரிய பணியை ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். பின்னர் 1949இல் மத்திய அரசாங்கம் அமைத்த நாட்டு வருமானக் குழுவில், மகலனோபிஸ் தலைமையில், காட்கிலோடு அவரும் உறுப்பினராக இருந்தார். 1957 முதல் 1960 வரை தில்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார்.

நாட்டு வருமானத்தைக் கணக்கிடுதல் என்றால் என்ன? ஓராண்டில் நாட்டில் புதிதாக உண்டாகும் பொருள்கள், பணிகள் ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டுதல் என்று சுருக்கமாகச் சொல்லலாம். சொல்வது எளிது, செய்வது அரிது. அவர் பிறந்த காஞ்சியின் பட்டுச் சேலையையே எடுத்துக்கொள்வோம். பட்டு நூலின் விலை, சாயமேற்றிய நூலின் விலை, சேலையின் விலை ஆகிய மூன்றையும் அப்படியே கூட்டினால், ஒரே நூலை மும்முறை எண்ணியவர்கள் ஆவோம். ஆகவே, ஒவ்வொரு நிலையிலும் உழைப்பினால் கூடிய மதிப்பை மட்டுமே எண்ண வேண்டும். நெசவாளர் வீட்டில் பெண்கள் நூலைச் சுற்றித் தருகிறார்கள். அதற்குத் தனிக்கூலி எவரும் கொடுப்பதில்லை. உழவர் தம் வயலில் விளைந்த நெல்லில் ஒரு பகுதியை வீட்டுக்கே வைத்துக்கொள்கிறார். அது சந்தைக்கு வருவதே இல்லை. இவற்றுக்கு மதிப்பிடுவது எப்படி? இத்தகைய வினாக்களுக்கு விடை காணாமல் ஏழ்மையை அளக்க முடியாது. அளக்க முடியாத ஒன்றைக் குறைக்கும் வழியையும் திட்டமாகக் கூற முடியாது.

இக்கல்விக்கூடத்தில் புகழ்பெற்ற அறிஞர் பலர் ஆசிரியராக இருந்தனர். 1951இல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுப்பதில், இளம் வயதிலேயே பங்குகொண்ட கே. என். ராஜ் அவர்களுள் ஒருவர். 1998இல் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் 1963 முதல் 1971 வரை இங்குப் பணியாற்றினார். பிற்காலத்தில் நிதியமைச்சராகவும் பிரதமராகவும் விளங்கிய மன்மோகன் சிங்கும் 1969 முதல் 1971 வரை இங்குப் பேராசிரியராக இருந்தார். எனினும், பெரியோர் பெயர்களைக் காட்டிலும் நாம் கருதத் தக்கது வேறொன்று உண்டு. வகுப்பறையோடு நில்லாமல் சிற்றூர்களுக்குச் சென்று வீடு வீடாகக் கணக்கெடுக்கும் வழக்கமே அது.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொருளாதார ஆராய்ச்சி மையத்தினர், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் மாவட்டத்தில் உள்ள பாலன்பூர் என்னும் சிற்றூரை 1957-58இலும் 1962-63இலும் ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சி அத்துடன் முடிந்துவிடவில்லை. வேறு அறிஞர்கள் 1974-75, 1983-84, 1993, 2008-10 ஆகிய ஆண்டுகளில் அதே ஊருக்குச் சென்று, அதே குடும்பங்களின் வாழ்வை மீண்டும் மீண்டும் கணக்கெடுத்தனர். ஓர் ஊரின் வரலாறு இவ்வளவு நீண்ட காலம் தொடர்ந்து எழுதப்படுவது உலகிலேயே அரிது.

பாலன்பூர் சொல்லும் பாடம் என்ன? முதல் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழப் பாதி நிலத்துக்கே பாசன வசதி இருந்தது. 1974-75க்குள் அனேகமாக எல்லா நிலங்களுக்கும் நீர் கிடைத்தது, விளைச்சல் உயர்ந்தது. அதன் பின்னர், ஊரின் வருவாயை உயர்த்திய முக்கிய விசை வயலுக்கு வெளியே இருந்த வேலைகளேயாகும். அருகிலுள்ள சந்தௌசி, மொராதாபாத் முதலிய நகரங்களுக்கு மக்கள் ரயிலேறிச் சென்று உழைத்தனர். சிலர் தாமே சிறு தொழில்களைத் தொடங்கினர். நிலமற்ற எளியோருக்கும் காலப்போக்கில் இவ்வழி திறந்தது. ஆனால், வருவாய் உயர்ந்ததோடு ஏற்றத்தாழ்வும் உடன் வளர்ந்தது. வளர்ச்சி என்பது ஒரே நேர்கோட்டில் செல்லும் பயணம் அன்று என்பதை இவ்வூர் காட்டுகிறது.

இவ்வழக்கம் தமிழ்நாட்டையும் தொட்டது. தில்லி ஸ்கூலின் சமூகவியல் துறையைச் சேர்ந்த ஆந்த்ரே பெத்தேய், 1961-62இல் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி, அங்கு நிலவுடைமையும் சாதியும் அதிகாரமும் எவ்வாறு பின்னிக் கிடந்தன, எவ்வாறு பிரியத் தொடங்கின என்பதை ஆராய்ந்தார். அவ்வூருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்டு அவர் எழுதிய நூல் 1965இல் வெளிவந்தது. ஊரை விட்டு மக்கள் ஏன் வெளியேறுகின்றனர் என்பதற்குப் பணம் மட்டும் காரணம் அன்று, மதிப்பும் காரணம் என்பதை உணர இத்தகைய ஆராய்ச்சி உதவுகிறது.

இனி, வட்டார வளர்ச்சியைப் பற்றிய அடிப்படை வினாவுக்கு வருவோம். வேலை இருக்கும் இடத்துக்கு மக்களை அனுப்புவதா, மக்கள் இருக்கும் இடத்துக்கு வேலையைக் கொண்டுவருவதா? தொழில் தொழிலை ஈர்க்கும் இயல்புடையது என்பதை இங்கு மறக்கலாகாது. திருப்பூரே தக்க சான்று. நூல் வணிகர், பின்னல் எந்திரம் வைத்திருப்போர், சாயப்பட்டறையினர், தைப்போர், அட்டைப்பெட்டி செய்வோர் எல்லாரும் ஒரே ஊரில் இருப்பதால், சிறு முதல் உடையவரும் சில எந்திரங்களுடன் தொழில் தொடங்க முடிகிறது. இன்று பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் அங்கு வருகின்றனர். நாம் வடக்கே வந்ததும் அவர்கள் தெற்கே செல்வதும் ஒரே விதியின் இரு முகங்கள். ஆயினும், சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததையும், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் மறப்பதற்கில்லை. ஆற்றுக்கு நேர்ந்த நட்டத்தை ஏட்டில் எழுதாத கணக்கு முழுக்கணக்கு ஆகாது.

தொழில் தொடங்கும் துணிவைக் கற்பிக்க முடியுமா? அது சில குலத்தாருக்கே பிறவியில் வாய்ப்பது என்று நம்புவோர் பலர். 1964ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர் டேவிட் மெக்கிளெலண்ட், ஐதராபாத்தில் இருந்த சிறுதொழிற் பயிற்சி நிறுவனத்தின் துணையோடு, ஆந்திரக் கடற்கரை ஊராகிய காக்கிநாடாவின் சிறு வணிகர்களுக்குப் பயிற்சி அளித்தார். தமக்கென இலக்கை வகுத்தல், இடரை அளந்து ஏற்றல், தம் செயலின் பலனைத் தாமே மதிப்பிடல் ஆகியவற்றை அவர்கள் பழகினர். பயிற்சி பெறாதவர்களைவிடப் பெற்றவர்கள் புதிய முயற்சிகளில் மிகுதியாக ஈடுபட்டனர் என்று பின்னர்த் தெரிந்தது. குலத்தொழில் மரபு அதற்குப் பெருந்தடையாக இருக்கவில்லை. ஆனால், துணிவு மட்டும் போதாது. கடனும் சாலையும் மின்சாரமும் சந்தையும் உடன் வேண்டும்.

தில்லிப் பல்கலைக்கழகமும் இத்திசையில் அடியெடுத்து வைத்துள்ளது. 2022இல் அது மேற்கொண்ட நான்காண்டுப் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில், மாணவர் ஆய்வேடு எழுதலாம். கல்விசார் திட்டம் ஒன்றை மேற்கொள்ளலாம். அல்லது தொழில் முனைவில் ஈடுபடலாம். அலுவலகத்தில் பணிபுரிவோருக்கும் வழி உண்டு. 1962இல் இப்பல்கலைக்கழகம் நாட்டிலேயே முதன்முதலாக அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. இன்று அது திறந்தநிலைக் கல்விக்கூடமாக நடைபெறுகிறது.

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவற்றால் என்ன பயன்? அன்பர்களே, நம்மில் பலர் சேமிப்பின் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்புகிறோம். அது வீடு கட்டவும், திருமணம் நடத்தவும், கோயில் திருப்பணிக்கும் செலவாகிறது. இவற்றைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், அப்பணத்தில் ஒரு சிறு பங்கு ஊரில் ஒருவருக்கேனும் நிலையான வேலை தருமா என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்பதற்கு முன் ஊரை அறிய வேண்டும். எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, எவ்வளவு நிலத்துக்கு நீர் உண்டு, விளைபொருள் எங்குப் போகிறது, வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்குவன எவை, அவற்றுள் ஊரிலேயே செய்யத் தக்கது எது? இவற்றைக் கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். பாலன்பூரில் நடந்த பணியும் இவ்வகைக் கேள்விகளோடுதான் தொடங்கிற்று.

பிள்ளைகள் ஊர் திரும்பியே ஆக வேண்டும் என்பது இதன் கருத்தன்று. போவதும் தங்குவதும் அவரவர் விருப்பம். அது வறுமையின் கட்டாயமாக இல்லாமல் உண்மையிலேயே விருப்பமாக இருக்க வேண்டுமானால், இரண்டு இடங்களிலும் வேலை இருக்க வேண்டும். ஊரையும் நகரத்தையும் ஒருங்கே அறிந்தவர்கள் நாம். அவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கணக்கிடும் தகுதி நம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே உண்டு. அதற்குரிய கல்வி தில்லியில் அவர்கள் அருகிலேயே இருக்கிறது.