பிளேனை விட்டு இறங்க ஒரு வருஷம்

2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக நின்றுபோன போடி ரயில், 2023 ஜூன் மாதம் சென்னை வரைக்கும் ஓட ஆரம்பித்தது. அந்த மாதமேதான் நானும் அதில் ஏறி ஊருக்குத் திரும்பினேன். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகிற ஆட்டோவிலேயே ஆரம்பித்துவிட்டேன், "தான்சானியாவுல இப்படி இல்ல" என்று. பத்து நாள் பொறுத்துப் பார்த்த என் மனைவி, "நீங்க இன்னும் பிளேனை விட்டே இறங்கல" என்றார்.

வங்கியில் ஓய்வு பெற்றபின் தன்னார்வலராகப் பத்து மாதம் கிழக்கு உசம்பாரா மலையில் இருந்தேன். பெண்களின் சேமிப்புக் குழுக்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லித்தருவது வேலை. நம்ம சீட்டு மாதிரியே அங்கே 'உபாத்து' என்று ஒன்று உண்டு. பயிரும் நம்ம பயிர்தான்: ஏலம், மிளகு, கிராம்பு, பட்டை. ஏலக்காய்க்கு அங்கே 'இலிக்கி' என்று பெயர். சுவாஹிலி தெரியாததால் முதல் மூன்று மாதம் நான் ஒரு வார்த்தை புத்தி சொன்னதில்லை. திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பேன், கேட்பேன், அவ்வளவுதான். நான் தங்கிய கிராமத்தில் ஒரு மருந்து டப்பாகூடக் கண்ணில் படவில்லை.

போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் மெட்டு. அதற்குச் சற்றுக் கீழே சரிவில் எனக்கு ஒன்றரை ஏக்கர் ஏலம். நான் இல்லாதபோது மைத்துனர்தான் பார்த்துக்கொண்டார், ஊர் வழக்கப்படி மருந்தடித்து. வந்த மறுநாளே எல்லாவற்றையும் நிறுத்தினேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சார், சருகையாவது சுத்தமா எடுத்திட்டு அப்புறம் நிறுத்துங்க" என்று காய் எடுக்க வரும் அக்கா ரெண்டு தடவை சொன்னார். அவருக்கும் உசம்பாரா கதைதான் சொன்னேன். கொஞ்ச நாளில் அவர் மறுபடி பூப்பாறை ஜீப்பில் ஏறி எஸ்டேட் வேலைக்கே போய்விட்டார்.

அந்த சீசனில் பேன் சுரண்டாத காய் குறைவு. பாதிக்கு மேல் சொறி விழுந்த காய். ஏலத்தில் அதற்கு என்ன விலை கிடைக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அப்போதும் வாய் குறையவில்லை. மெட்டு டீக்கடையில் ஒரு நாள் மருந்துக்கு எதிராக நீளமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பேங்க் சார், என் வீட்டுக்காரி நகைக்கு நீங்கதானே கடன் போட்டீங்க? அந்தப் பணம் எந்தக் கடைக்குப் போச்சுன்னு நெனைக்கிறீங்க?" என்றார். மருந்துக் கடைக்குத்தான் போயிருக்கிறது. அப்படி எத்தனை நகைக்கடனில் என் கையெழுத்து இருக்கிறதோ! அன்று டீயைக் குடித்து முடிக்காமலே எழுந்து வந்தேன்.

அமெரிக்காவின் பீஸ் கோர் 1961-இல் தொடங்கியது. முதலில் தொண்டர்களை அனுப்பிய நாடுகளில் ஒன்று, அன்று டாங்கனிகா என்று அழைக்கப்பட்ட அதே நாடுதான். ஊர் திரும்பும் தொண்டருக்குக் கையில் ஒரு தொகை கொடுப்பார்கள், பழைய வாழ்க்கையோடு மறுபடி ஒட்டிக்கொள்வதற்கான படி என்று அதற்குப் பெயர். வங்கிக்காரன் நான், படி என்றால் காது நிமிரும். எனக்கு யாரும் அப்படிக் கொடுக்கவில்லை. என் படியை நான் சொறிக்காயாகக் கட்டினேன், வேறென்ன.

நிதானமாக யோசித்தபோது இன்னொன்றும் புரிந்தது. உசம்பாராக்காரர்கள் கொள்கைக்காக மருந்தை விட்டவர்கள் இல்லை, வாங்கப் பணமில்லை. காட்டில் அடிமரங்களை வெட்டி ஏலம் வைத்து, சில வருஷத்தில் காய்ப்பு குறைந்ததும் அடுத்த துண்டுக்கு நகர்ந்ததால் அங்கே காடும் கெட்டிருக்கிறது. இதையெல்லாம் நேரில் பார்த்தவன் நான்தான். ஆனால் டீக்கடையில் ஒருநாளும் சொன்னதில்லை.

2024-இல் அந்த அக்கா வீட்டுக்குப் போய், மறுபடி வருவீங்களா என்று கேட்டேன். வந்தார். வந்த அன்றே தட்டையில் ஒட்டியிருந்த காய்ந்த சருகு முழுவதையும் உரித்தார். பேன் ஒளிந்துகொள்ளும் இடமே இலையுறைதான். பிறகு வேலி ஓரத்தில் நின்று, "பூ விடியறப்பவே விரியுது. ஈ காலையிலதான் வருது. பக்கத்துல எட்டு மணிக்கே மருந்து அடிக்கிறாங்க. அப்புறம் எங்கிட்டு காய் பிடிக்கும்?" என்றார். தேனீ வராவிட்டால் ஏலத்தில் காய் இல்லை. இத்தனை நாள் நான் இதைக் கவனிக்கவே இல்லை.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் போனேன். உசம்பாரா பேச்சை எடுக்கவில்லை. வேலியை ஒட்டிய மூன்று வரிசைக்கு மட்டும் மதியத்துக்கு மேல் அடிக்க முடியுமா என்று கேட்டேன். கொஞ்சநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். "ஆள் கூலி ஒண்ணுதானே, பார்ப்போம்" என்றார்.

இந்த வருஷம் என் தோட்டத்தில் பாதிக்கு வேப்பங்கொட்டைச் சாறு மட்டும்தான். மீதிப் பாதியை மெல்லத்தான் மாற்றுகிறேன். சொறி இன்னும் இருக்கிறது, ஆனால் குறைந்திருக்கிறது. போன வாரம் பக்கத்துக்காரர் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, சாறு எத்தனை நாளுக்கு ஒரு தடவை அடிக்கிறேன் என்று கேட்டார். "அக்காவைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.