டென்னிஸ் ஆடாதவருக்கும் 'டென்னிஸ் எல்போ'

மும்பை தாராவியில் தோல் பை செய்யும் கார்கானா ஒன்றில் கத்தரி வேலை பார்ப்பவர் அவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. தீபாவளி சீசன் வேலை நெருக்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு நாள் காலை டீக்கடையில் கிளாஸை எடுத்தார். கை தாங்காமல் கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. வலது முழங்கையின் வெளிப்புறத்தில் சுரீர் என்று ஒரு வலி. இரண்டு நாளில் ஈரச் சட்டையைப் பிழிய முடியவில்லை. நாலாம் நாள் கத்தரியே பிடிக்க முடியவில்லை. வெட்டிய துண்டுக்குத்தான் அங்கே கூலி.

"நரம்பு பிசகிக்கொண்டது" என்றார்கள் பக்கத்து வீட்டார். சுளுக்கு வழிப்பவர் எண்ணெய் போட்டு அழுத்தி உருவியதில் வலி கூடியதுதான் மிச்சம். பிறகு ஒரு டாக்டர் முழங்கையில் ஊசி போட்டார். ஒரே வாரத்தில் வலி பறந்துவிட்டது. விட்ட கூலியைப் பிடிக்க வேண்டாமா? இரவு பத்து மணி வரை வெட்டினார். பொங்கலுக்குள் வலி திரும்பியது. மறுபடி ஊசி, அது இரண்டு மாதம் தாங்கியது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு நிலைமை முன்னைவிட மோசம்.

அவருக்கு வந்திருப்பது 'டென்னிஸ் எல்போ'. சச்சின் டெண்டுல்கர் 2004-ல் இதனால் பல ஆட்டங்களைத் தவறவிட்டு, 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன் பிறகு மும்பையில் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. ஆனால் பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. 1873-ல் இதை முதலில் விவரித்த ஜெர்மானிய டாக்டர் ருங்கே, அதை எழுத்து வேலையால் வரும் தொல்லையோடு சேர்த்தே சொன்னார். 'லான் டென்னிஸ் எல்போ' என்ற பெயர் அச்சேறியது 1883-ல்தான். குமாஸ்தாக்களின் நோயை ஆட்டக்காரர்கள் தங்கள் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டும்!

நரம்பு அல்ல, நாண்

தசையை எலும்போடு கட்டியிருப்பது தசைநாண். மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகளில் பெரும்பாலானவை முழங்கையின் வெளிப்பக்க முண்டில் ஒரு நாணாகச் சேர்ந்து ஒட்டியிருக்கின்றன. எந்தப் பொருளை இறுக்கிப் பிடித்தாலும் மணிக்கட்டு சற்றுப் பின்னுக்கு நிமிர வேண்டும். கத்தரி, ஸ்க்ரூ டிரைவர், பார்சல் மூட்டை, கம்ப்யூட்டர் மவுஸ் என்று எதைப் பிடித்தாலும் இழுபடுவது அந்த ஒரே நாண்தான். 35 வயதுக்கு மேல் 55 வரை இது அதிகம் வருகிறது.

நாண், முறுக்கிய கயிறு போன்றது. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் ஆறுவதும் மெதுவாகத்தான். தேய்மானம், பழுது பார்ப்பதை மிஞ்சிவிட்டால் இழைகள் சீர்குலைகின்றன. இதை வெகுகாலம் அழற்சி என்றே நினைத்து 'டெண்டினைட்டிஸ்' என்று அழைத்தார்கள். 1979-ல் அமெரிக்க அறுவை நிபுணர் நிர்ஷல், அறுத்தெடுத்த நாண் துண்டுகளைப் பரிசோதித்து எழுதினார். அழற்சி அணுக்களை அவற்றில் காணோம். தாறுமாறாகக் கிடந்த இழைகளே இருந்தன. இன்று பல டாக்டர்கள் 'டெண்டினோபதி' என்றே சொல்கிறார்கள்.

ஊசியின் கதையும் இங்கேதான் புரிகிறது. அது ஸ்டீராய்டு. வலியை அடக்குமே தவிர, இழையைச் சீராக்காது. ஆஸ்திரேலியாவில் 198 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஊசி, பிசியோதெரபி, சும்மா காத்திருத்தல் என்று ஒப்பிட்டு 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறாவது வாரத்தில் ஊசிக்காரர்களே முன்னே நின்றார்கள். ஓராண்டு முடிவில் அவர்கள்தான் கடைசி! காத்திருந்தவர்கள்கூட அவர்களைவிட மேலாக இருந்தார்கள்.

செய்ய வேண்டியது

உள்ளங்கை கீழே பார்க்க ஒரு நாற்காலியைத் தூக்கிப் பாருங்கள். முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர் என்றால் இதுவாக இருக்கலாம். விரல் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ, முழங்கை சிவந்து காய்ச்சல் வந்தாலோ அது வேறு சங்கதி. தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கையை அறவே கட்டிப்போட வேண்டியதில்லை. பாரத்தைக் குறைத்தால் போதும். பையை உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கலாம். கருவியின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கலாம். ஆபீசில் மவுஸை உடம்புக்கு அருகே வைத்து, முன்கையை மேஜை மேல் தாங்கவிடலாம். வலி மாத்திரையைச் சில நாளைக்கு மேல் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

முக்கியமானது பயிற்சி. முன்கையை மேஜையில் வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். உள்ளங்கை கீழே பார்க்கட்டும். கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். மற்றக் கையின் உதவியோடு மேலே தூக்கி, நாலு எண்ணும் வரை மெதுவாக இறக்க வேண்டும். பத்துப் பதினைந்து முறை; சற்று ஓய்வு; இப்படி மூன்று சுற்று. லேசாக வலித்தால் பயமில்லை. மறுநாள் காலையும் வலி தங்கினால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். பெரும்பாலோருக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் குணமாகிவிடுகிறது. அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படும்.

இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் நோய்க்கால உதவித்தொகை உண்டு. தாராவிக்காரருக்கு அந்த அட்டை இல்லை. நகராட்சி ஆஸ்பத்திரியில் பயிற்சியைக் கற்றுக்கொண்டு வந்தார். சேட்டிடம் கெஞ்சி, குறைந்த கூலிக்குப் பசை ஒட்டும் வேலைக்கு மாறினார். "ஊருக்குப் பணம் பாதிதான் போச்சு, என்ன செய்ய?" என்கிறார். பத்து வாரம் கழிந்த பிறகு அரை நாள் கத்தரி வேலை பார்க்கிறார். கத்தரிப் பிடியில் பழைய வேட்டித் துணி சுற்றியிருக்கிறது. டீ கிளாஸை மட்டும் இன்னும் இடது கையால்தான் எடுக்கிறார்.