துவர்த்துக்கு எத்தனை டேமேஜ்?

பெங்களூரிலிருந்து மருமகன் குளச்சலுக்கு வந்தால் சும்மா வரமாட்டான், ஒரு சந்தேகத்தையும் கூடவே கொண்டுவருவான். இந்தத் தடவை சாயா வருவதற்கு முன்பே கேட்டுவிட்டான்: "மாமா, ஒருத்தன்கிட்ட வாளும் இல்ல, கம்பும் இல்ல. தோளுல ஒரு துவர்த்துதான் கெடக்கு. அத வச்சு சண்டை போட்டா எத்தன டேமேஜ் குடுக்கலாம்?"

துவர்த்து என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் துண்டு. அவன் கேட்டது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டைப் பற்றி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். செய்தது பலிக்குமா என்பதை 20 முகமுள்ள பகடை முடிவுசெய்யும். அடி விழுந்தால் எவ்வளவு நோகும் என்பதற்கு, அதாவது டேமேஜுக்கு, வேறு பகடை. கையில் அகப்பட்டதை ஆயுதமாக எடுத்தால் என்ன கணக்கு என்பதற்கும் 2014 பதிப்பில் விதி இருக்கிறது: 4 முகப் பகடை. உடைந்த கண்ணாடி, மேசைக்கால், வாணலி, வண்டிச்சக்கரம், செத்துக் கிடக்கும் குட்டிப் பூதம் வரை எல்லாவற்றுக்கும் ஒரே கூலி. இந்தப் பட்டியலை எழுதியவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

ஆக, புத்தகத்தைப் பார்த்துச் சொன்னால் துவர்த்துக்கும் 4 முகம். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. துணியின் வேலை பிடிப்பது. அதற்குப் போய் அடிக்கிற கணக்கை எழுதினால் வாணலிக்கும் துவர்த்துக்கும் என்ன வித்தியாசம்?

மருமகன் தோளில் கிடந்ததையே உருவிக் காட்டினேன். இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்து, நடுவே கொஞ்சம் தொய்வு விட வேண்டும். விறைப்பாக இழுத்துப் பிடித்தால் வருகிற அடியின் வேகம் நேராக நம் மணிக்கட்டில் இறங்கும். தொய்வு இருந்தால் அடிக்கிற கை துணிக்குள் விழும். விழுந்த கணத்தில் ஒரு கையை மேலாகவும் மற்றதைக் கீழாகவும் கொண்டுபோனால் அவன் மணிக்கட்டைச் சுற்றி ஒரு சுற்று வந்துவிடும். அப்புறம் கையை இழுத்துப் பயனில்லை, இழுக்க இழுக்க இறுகும். அங்கிருந்து ஒரு அடி ஒதுங்கி முழங்கையைத் திருப்பினால் பூட்டு விழுந்தது. நனைத்த துணி என்றால் இன்னும் நல்லது. எடை கூடும், வழுக்காது. பருத்திக்கு நனைந்தால் வலுவும் ஏறும்.

நம் பக்கத்துச் சண்டைக் கலையான அடிமுறையில் முதலில் வருவது சுவடு, அதாவது கால் வைக்கும் முறை. பிறகுதான் கை, பூட்டு, கம்பு எல்லாம். துண்டை வைத்தே பூட்டுப் போடச் சொல்லித்தரும் களரிகளும் உண்டு. காலை வைக்கத் தெரியாதவன் கையில் துண்டு இருந்தால் முகம் துடைக்கத்தான் ஆகும்.

துணியைப் பாடமாக எழுதிவைத்தது நாம் மட்டுமில்லை. இத்தாலியில் போலோக்னா நகரத்து வாள் ஆசான் அகில்லே மரோட்சோ 1536-ல் அச்சிட்ட நூலில் வாளும் மேலங்கியும் சேர்ந்த சண்டைக்குத் தனிப் பாடமே இருக்கிறது. அங்கியை இடது முன்கையில் சுற்றி, மிச்சத்தைத் தொங்கவிடுவார்கள். வெட்டை வாங்க வேண்டியது தொங்கும் பகுதி. அது விலகிக்கொடுத்து வேகத்தைத் தின்றுவிடும். கையோடு ஒட்டிச் சுற்றிய இடத்தில் வாங்கினால் எலும்பு போகும்.

ரோமாபுரி அரங்கில் ரெடியாரியஸ் என்றொரு வகை வீரன் இருந்தான். ஒரு கையில் வலை, மறு கையில் மூன்று முனை ஈட்டி. நம்மூர் வீச்சுவலைக்காரர் பார்த்தால் உறவு கொண்டாடுவார். இந்த வலையை விளையாட்டுக்காரர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள். 2014 பதிப்பில் வலை ஆயுதப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் டேமேஜ் கட்டத்தில் எண் கிடையாது. பட்டவன் சிக்கிக்கொள்வான். பலத்தைக் காட்டி 10 எடுத்தால் வெளியே வரலாம், அல்லது அறுத்துக்கொண்டு வரலாம். 2024 பதிப்பில் அதை ஆயுதப் பட்டியலிலிருந்தே எடுத்து சாமான் பட்டியலில் போட்டுவிட்டார்கள். இப்போது எறிகிறவன் குறி பார்ப்பதில்லை, எறியப்பட்டவன்தான் தப்பப் பகடை உருட்ட வேண்டும். துவர்த்துக்கும் இந்த வழிதான் பொருந்தும்.

"அப்பம் நேரா அடிக்கவே கூடாதா?" என்றான்.

அடிக்கலாம். முனையில் ஒரு கல்லை முடிந்துகொண்டால் அது குண்டாந்தடிக்குத் தம்பி, 4 முகம் தாராளமாகக் கொடு. சொடுக்கி அடித்தால் சாட்டை மாதிரி என்று ஒருவன் வாதாடுவான், விடாதே. சாட்டைக்கு இந்த விளையாட்டில் 10 அடி எட்டு உண்டு, துவர்த்து அவ்வளவு எட்டாது. 1992-ல் வந்த 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் சைனா' இரண்டாம் பாகத்தில் டானி யென் துணியை முறுக்கிக் கம்பாகவே சுழற்றுவார். எனக்கு மிகவும் பிடித்த சண்டை அது. அதைக் காட்டி முதல் மட்டத்து (லெவல்) ஆள் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடு. பத்தாம் மட்டத்து மாங்க் கேட்டால் கொடுத்துவிடு.

மாங்க் என்பது வெறுங்கைச் சண்டைக்காரன், 1975-லேயே இந்த விளையாட்டில் சேர்ந்துவிட்ட பாத்திரம். 2014 விதிப்படி ஐந்தாம் மட்டத்தில் ஒரு அடியால் எதிரியைத் திகைத்து நிற்கவைக்கும் வித்தை அவனுக்குக் கிடைக்கும். 'இந்தியன்' பார்த்து வளர்ந்த நமக்கு இது வர்மம் என்று சொல்லித்தர வேண்டாம். ஆனால் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று எண்ணிச் சொல்லும் நம் ஆசான்மார், அடிபட்டவனைத் தெளியவைத்து இளக்கத் தெரியாதவனுக்கு அடியைச் சொல்லித்தர மாட்டார்கள். விளையாட்டில் திகைத்தவன் அடுத்த சுற்றில் தானாகத் தெளிந்துவிடுகிறான். ஆசானுக்கு அங்கே வேலையே இல்லை.

டேமேஜ் இல்லாத ஆயுதம் ஆயுதமா என்று மேசையில் யாராவது கேட்டால் இந்த ஊர்க் கதையைச் சொல்லச் சொன்னேன். 1741-ல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை இங்கே முறியடித்தபோது, படை பெரிதெனத் தோன்ற மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கிபோலத் தோளில் சாத்தி நின்றார்களாம். பனந்தடியை வண்டியிலேற்றிப் பீரங்கி என்று காட்டினார்களாம். கதைதான். விளையாட்டுக் கணக்கில் அந்தத் துடுப்புக்கு டேமேஜ் பூஜ்யம்.

எனவே என் தீர்ப்பு இப்படி: துவர்த்து வீசியவன் 20 முகத்தில் ஜெயித்தால் எதிரிக்கு வலி இல்லை. இருவரும் பலத்துக்கோ சுறுசுறுப்புக்கோ எதிரெதிராக உருட்டட்டும். எதிரி தோற்றால் ஆயுதம் கீழே விழும், அல்லது கை பூட்டில் மாட்டும், எது என்று துவர்த்துக்காரன் சொல்லட்டும். கையில் சுற்றிக்கொண்டால் அந்தச் சுற்றில் வரும் முதல் வெட்டுக்கு மட்டும் காப்பு ஒன்று கூடும். கூர்வாள் இரண்டு தடவை பட்டால் துணி கிழிந்தது.

"கூழ் மாதிரி சதுரமா ஒரு ஜந்து உண்டு மாமா, பாதாளத்துல ஊர்ந்து வரும். அதுக்கு?"

கையும் இல்லை, கழுத்தும் இல்லை. துவர்த்தைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடச் சொல்.