அந்தப் பட்டையைத் துவைத்துவிடாதீர்கள்

ஏறக்குறைய ஒரு முழ நீளம். வெள்ளைப் பருத்தித் துணி, நடுவில் சிவப்புச் சிலுவை, ஓரத்தில் மை முத்திரை. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் இறங்கிய அமெரிக்க மருத்துவச் சிப்பாய்கள் இடது கையில் ஊக்குக் குத்திக் கட்டியிருந்த பட்டை இது. எந்தக் கையில் கட்ட வேண்டும், யார் முத்திரையிட வேண்டும் என்பதையெல்லாம் 1929 ஜெனீவா ஒப்பந்தமே சொல்லிவிட்டது. துப்பாக்கி கிடையாது. பையில் சல்ஃபா பொடி, மார்ஃபின் ஊசி, கட்டுத்துணி. அவ்வளவுதான்.

நார்மண்டியின் ஆங்கோவில்-ஓ-ப்ளேன் கிராமத்துத் தேவாலயத்தில் அமெரிக்காவின் 101-வது வான்குடைப் படைப் பிரிவின் இரண்டு இளம் மருத்துவச் சிப்பாய்கள் சுமார் 80 பேருக்குச் சிகிச்சை செய்தார்கள். அமெரிக்கர்களோடு ஜெர்மானியர்களும் உண்டு, உள்ளூர்க் குழந்தை ஒன்றும் உண்டு. எந்தப் படைக்காரனாக இருந்தாலும் ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஊர் கை மாறிக்கொண்டே இருந்தது. ஆலயத்துக்குள் வேலை நிற்கவில்லை. கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்த குண்டு ஒன்று நல்லவேளையாக வெடிக்கவில்லை. மர இருக்கைகளில் படிந்த ரத்தக் கறையை இன்றும் பார்க்கலாம். ஊர்க்காரர்கள் அதைச் சுரண்டி எடுக்காமல் விட்டார்களே, அந்தப் புத்திக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். (பசிபிக் தீவுகளில் கதை வேறு. அங்கே சிலுவையே குறியாகிப்போனதால், பலர் பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் களத்துக்குப் போனார்கள்.)

என் கவலை எல்லாம் இப்போது சந்தைக்கு வரும் பட்டைகளைப் பற்றித்தான். புதுத்துணியைத் தேநீரில் ஊறவைத்துப் பழசாக்கி விற்கிறார்கள். அசலாக வருவதும் வெளுத்து, இஸ்திரி போட்டு, யாருடையது என்ற விவரமே இல்லாமல் வருகிறது. கறை போனால் அந்த மனிதர் பட்ட பாட்டுக்குச் சாட்சி போயிற்று. பெயர் போனால் மனிதரே போய்விட்டார். சேகரிப்பவர்கள் வாங்காவிட்டால் இதுகூட மிஞ்சாது என்று சிலர் சொல்கிறார்கள். மிஞ்சும் துணி யாருடையது என்று தெரியாவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இது அமெரிக்கர்களின் கதை மட்டுமல்ல. இந்திய ராணுவ மருத்துவப் படை 1943-ல் உருவானது. இரண்டாம் உலகப் போரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் சீருடை அணிந்தார்கள்; தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தும் ஏராளமானோர் போனார்கள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் தொப்பியோ, பட்டையோ, ஒற்றைப் பித்தளைப் பொத்தானோ கிடந்தால் துவைக்காதீர்கள், பாலீஷ் போடாதீர்கள். அவர் பெயர், படைப்பிரிவு, போன இடம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.