சிவாஜிநகரும் ஒரு கிழிந்த புகைக்குழாயும்

மகிழுந்துக் கடனின் எண்பத்து நான்காம் தவணை, அதாவது கடைசித் தவணை, கணக்கிலிருந்து கழிந்த அதே வாரத்தில் வண்டி உறுமத் தொடங்கியது. ஏழு ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய வண்டி கடன் தீர்ந்ததும் பழுதாவது ஏனென்று எந்தப் பொறியியல் நூலும் விளக்குவதில்லை. காலையில் சாவியைத் திருப்பியதும் டிராக்டரைப் போன்ற ஓசை. மேட்டில் ஏறுகையில் ‘புஸ்ஸ்’ என்று ஒரு சீறல். இவற்றை நான் பொறுத்துக்கொண்டேன். பின்னிருக்கையில் அமர்ந்து மருத்துவமனைக்குச் சென்று திரும்பிய என் தாயார், “வண்டிக்குள்ளே ஏதோ புகைவாடை, தலை வலிக்கிறது” என்று கூறிய அன்றுதான் வண்டியை நிறுத்தினேன்.

நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. எஞ்சினிலிருந்து வெளிவரும் கழிவுப்புகையில் கார்பன் மோனாக்சைடு கலந்துள்ளது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்ளும். நாம் உணரும் வாடை, அதனுடன் வரும் பிற வாயுக்களுடையது. வாடை வருகிறதென்றால் வாடையற்றதும் வருகிறது என்று பொருள்.

நிறுவனப் பணிமனையில் வண்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். எஞ்சினையும் பின்புறக் குழாயையும் இணைக்கும் நெளிகுழாய் கிழிந்திருந்தது. கம்பிவலை போர்த்திய, துருத்தி போன்ற சிறு பகுதி அது. முன்சக்கர இயக்கமுள்ள வண்டிகளில் எஞ்சின் குறுக்காக அமைந்திருக்கும். நாம் வேகமெடுக்கும்போதெல்லாம் அது முன்னும் பின்னும் அசையும். அவ்வசைவு பின்குழாயைத் தாக்காமல் இந்த நெளிகுழாய் ஏற்றுக்கொள்கிறது. பெங்களூரின் வேகத்தடைகளை ஏழாண்டுகள் தாங்கியது பெரிதே. ஆனால் நெளிகுழாய் மட்டும் தனியே கிடைக்காது. டர்போவுக்கு அடுத்துள்ள வினையூக்கி மாற்றியுடன் சேர்ந்த ஒரே உறுப்பாகவே வரும் என்றார்கள். அவர்கள் எழுதிக்கொடுத்த தொகை ஒரு லட்ச ரூபாய்க்குச் சற்றே குறைவு.

“மாமா, நாமே கழற்றி மாட்டிவிடலாம்” என்றான் என் தமக்கை மகன். இயந்திரப் பொறியியல் மூன்றாமாண்டு மாணவன். அவனுடைய ஊக்கத்தில் வேறொரு நோக்கமும் ஒளிந்திருந்தது; அது சிவாஜிநகரில் வெளிப்பட்டது.

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைமுகாம் அமைத்தபோது, அதைச் சார்ந்து வாழத் தமிழ்நாட்டிலிருந்து திரளாக மக்கள் வந்தனர். அவர்கள் குடியேறிய பகுதிகளுள் ஒன்று, பிளாக்பள்ளி என வழங்கிப் பின்னர் சிவாஜிநகர் எனப் பெயர் பெற்றது. 1927-இல் கட்டப்பட்ட ரசல் சந்தையும், 1974-இல் பசிலிக்கா என உயர்த்தப்பட்ட தூய மரியன்னை ஆலயமும் இங்குதான் உள்ளன. தமிழ், தக்கினி உருது, கன்னடம் ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்து புழங்கும் தெருக்கள் இவை. சந்தையைத் தாண்டி உள்ளே சென்றால் குஜிரி எனப்படும் பழம்பொருட் கடைவீதி தொடங்கும். கழற்றிய கதவுகள், முகப்பு விளக்குகள், ரேடியேட்டர்கள், கட்டுக்கட்டாகச் சைலன்சர்கள். ஒரு வண்டியின் உடலில் எத்தனை உறுப்புகள் உண்டு என்பதை இங்கு வந்துதான் நான் அறிந்தேன்.

ஒரு கடையில் இளைஞர் ஒருவர் இரண்டு பொருள்களை எங்கள் முன் வைத்தார். ஒன்று, எங்கள் வண்டிக்குப் பொருந்தும் பழைய வினையூக்கி மாற்றி. விலை புதியதில் ஆறில் ஒரு பங்கு. மற்றொன்று, பளபளவென்ற வெற்றுக் குழாய். அதில் வினையூக்கி இல்லை. புகை தடையின்றிச் செல்லும், ஓசை கம்பீரமாக இருக்கும், வேகம் கூடும். மருமகனின் கண்கள் அதன் மேல் நிலைத்தன. அவன் ஒளித்து வைத்திருந்த நோக்கம் இதுதான்.

அடுத்த கடையின் முதியவர் எங்கள் தமிழைக் கேட்டு எட்டிப் பார்த்தார். அப்பகுதியில் எல்லாரும் அவரை ‘பாய்’ என்றே அழைக்கிறார்கள். பழைய மாற்றியைக் கையில் வாங்கிக் காதருகே குலுக்கினார். உள்ளே கலகலவென்று ஒலித்தது. “உள்ளே தேன்கூடு உடைஞ்சு போச்சு, தம்பி. இந்த ஓரத்தைப் பாருங்க, ரம்பத்தாலே அறுத்திருக்கு. கழற்றினதில்லை, அறுத்தது. எங்கேயிருந்து வந்ததுன்னு பில் கேளுங்க” என்றார். இளைஞர் பில் இல்லை என்றார்.

அந்த அறுப்புக்குப் பின்னால் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. வினையூக்கி மாற்றியின் உள்ளே நுண்துளைகள் நிறைந்த பீங்கான் தேன்கூடும், அதன் மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்களின் மெல்லிய பூச்சும் உள்ளன. 2021-ஆம் ஆண்டில் ரோடியத்தின் விலை உலகச் சந்தையில் அவுன்சுக்கு 20,000 டாலரைக் கடந்து, தங்கத்தைப் பத்து மடங்குக்கும் மேல் விஞ்சியது. அக்காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறுத்தியிருந்த வண்டிகளின் அடியில் படுத்து இவ்வுறுப்பை அறுத்துச் செல்வது பெருந்திருட்டாக வளர்ந்தது. திருட்டுப் பொருளென்று நம்பக் காரணமிருந்தும் நேர்மையின்றி வாங்குவோரையும் நம் சட்டம் தண்டிக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு அதைக் கூறுகிறது. பில்லில்லாத மலிவுப் பொருளை வாங்கும்போது பணத்தோடு இதையும் கணக்கிட வேண்டியிருக்கிறது. குஜிரியிலுள்ள எல்லாக் கடைகளும் அப்படிப்பட்டவையல்ல. அங்கேயே ஒருவர் எங்களை எச்சரித்தார் என்பதையும் எழுதியாக வேண்டும்.

வெற்றுக் குழாயின் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துதல் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஒலி, புகை வரம்புகளை மீறினால் 190-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை தண்டமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இவற்றைக் கேட்டு மருமகன் அசையவில்லை. “மாற்றத்தைத் தெரிவிக்காவிட்டால், நாளை விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும்” என்றேன். அதற்கும் அசையவில்லை. பாய் சொன்னதே அவனை அசைத்தது: “டர்போ வண்டிக்கு இதை மாட்டினா, எதிரழுத்தம் குறையும், டர்போ கணக்கு மீறிச் சுத்தும். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. எத்தனை டர்போ இங்கே உடைஞ்சு வந்திருக்கு தெரியுமா?”

டர்போ என்பது வீணாகும் புகையையே வேலைவாங்கும் கருவி. 1905-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூஹி இதற்குக் காப்புரிமை பெற்றார். வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும்; அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும். 1918-இல் சான்ஃபோர்ட் மாஸ் என்பவர் அமெரிக்காவின் பைக்ஸ் மலையுச்சியில், 14,000 அடி உயரத்தில், விமான எஞ்சினொன்றில் இதைச் சோதித்துக் காட்டினார். மெலிந்த காற்றால் இழந்த ஆற்றலை டர்போ மீட்டுத் தந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அக்குறையை நாம் உணராதிருப்பதற்கும் இச்சிறு சக்கரமே காரணம். அது நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் முறைக்கும் மேல் சுழல்கிறது. பெட்ரோல் வண்டியில் அதைத் தாக்கும் புகை 900 பாகை செல்சியசை எட்டக்கூடும்.

இறுதியில் பாயின் யோசனையே வழியாயிற்று. எங்கள் மாற்றியைக் குலுக்கியும் கைவிளக்கொளியில் நோக்கியும் பார்த்து, நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொள்வது. கிழிந்த நெளிகுழாயை மட்டும் அறுத்து, ஜே.சி. சாலையில் பில்லுடன் புதியது வாங்கி, ஆர்கான் வெல்டிங் செய்பவரிடம் கொடுத்து இணைப்பது. கழற்றுவதும் மாட்டுவதும் நம் வேலை. அவரிடம் நாங்கள் வாங்கியது இரண்டு ரப்பர் தொங்கிகளும் ஒரு வெப்பத் தடுப்புத் தகடும் மட்டுமே. அவற்றுக்குக் கேளாமலே பில் எழுதித் தந்தார்.

சனிக்கிழமை இரவு, வண்டி முற்றிலும் குளிர்ந்தபின், துருவிளக்கும் எண்ணெயை நட்டுகளில் தெளித்தோம். ஞாயிறு காலை பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பகுதியை ஜாக்கியால் உயர்த்தி, இருபுறமும் இரும்புத் தாங்கிகளை நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் வண்டியின் அடியில் நுழையலாகாது. தாங்கி இல்லையென்றால் வேலையும் இல்லை. பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றினோம். பிராணவாயு உணரிகள் இரண்டையும் 22 மில்லிமீட்டர் ஸ்பேனரால் எடுத்து, கம்பியில் தொங்கவிடாமல் துணியில் சுற்றி ஓரமாகக் கட்டினோம்.

டர்போவுடன் குழாய் சேரும் இடத்தில் மூன்று நட்டுகள். இரண்டு இளகின. மூன்றாவது அசையவில்லை. மருமகன் ஸ்பேனரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி, முழு உடலையும் அதன் மேல் சாய்க்க முற்பட்டான். “நிறுத்து” என்றேன். அந்தத் திருகாணி டர்போவின் வார்ப்பிரும்பில் பதிந்தது. ஒடிந்தால் டர்போவையே இறக்க வேண்டும். எண்ணெய்க் குழாய், குளிர்நீர்க் குழாய் அனைத்தையும் பிரிக்க வேண்டும். நாங்கள் மிச்சம் பிடிக்க நினைத்த தொகை அங்கேயே கரைந்துவிடும். முப்பது நிமிட வாக்குவாதத்துக்குப் பின், தெருமுனை மெக்கானிக்கை அழைத்தோம். அவர் நட்டை மட்டும் சுடர்க்கருவியால் சூடேற்றி, முதலில் சிறிது இறுக்கி, பின்னர் தளர்த்தினார். பத்து நிமிடம், ஐந்நூறு ரூபாய். சட்டையில் கறை படாமல் போய்விட்டார்.

குழாய் இறங்கியதும் டர்போவின் திறந்த வாயைத் தூய துணியால் அடைத்தோம். ஒரு நட்டு உள்ளே விழுந்தாலும் போதும், அச்சக்கரத்தின் இதழ்கள் சிதையும். அடைத்த துணியை மாட்டும்போது எடுக்க வேண்டும் என்று கண்ணாடியில் எழுதி ஒட்டியது என் தாயார். நாங்கள் மறந்துதான் போயிருப்போம். மாற்றியின் தேன்கூடு உடையாமல் இருந்தது. பாய் குறித்துத் தந்திருந்த வெல்டிங் கடை ஞாயிறன்றும் திறந்திருந்தது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

மாட்டுவது எளிது. பழைய கேஸ்கெட்டை மறுபடி பயன்படுத்தாமல் இரண்டுக்கும் புதியவை இட்டோம். எல்லா நட்டுகளையும் முதலில் கையால் மட்டும் திருகி, குழாய் தன் இயல்பான இடத்தில் தொங்குகிறதா, நெளிகுழாய் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே, முன்னிருந்து பின்னாக இறுக்கினோம். ரப்பர் தொங்கிகளில் சோப்பு நீர் தடவினால் எளிதில் ஏறும்.

வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு போய் இயக்கினோம். புதுக் குழாயில் படிந்த எண்ணெய் எரிந்து வெண்புகை கிளம்பியது; எதிர்வீட்டுக்காரர் தண்ணீர் வாளியுடன் ஓடி வந்தார். பத்து நிமிடத்தில் புகை அடங்கியது. இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்துப் பார்த்ததில் எங்கும் குமிழி எழவில்லை. மெக்கானிக், வெல்டிங், பொருள்கள் எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது. ஒரு ஞாயிறும் மருமகனின் ஒரு சட்டையும் தனிக்கணக்கு.

திங்களன்று புகைச் சோதனை. எங்கள் வண்டி பி.எஸ். 4 வகை, ஓய்வு வேகத்தில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்கையும் தாண்டலாகாது. இரண்டிலும் தேறியது. அச்சான்றிதழையும், காப்பீட்டுப் பத்திரத்தையும், வங்கி தந்த தடையின்மைச் சான்றையும், 35-ஆம் படிவத்தையும் ஒரே உறையில் இட்டேன். பதிவுச் சான்றிலிருந்து அடமானக் குறிப்பை நீக்க இவை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தேவை. உறையை எடுத்துக்கொண்டு கிளம்புகையில் தாயாரும் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார். திரும்பும் வழியில் ரசல் சந்தையில் கீரை வாங்க வேண்டுமாம்.