பத்துப் புரதங்களின் சேர்க்கை

தென்மேல் பருவமழை கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் இறங்கத் தொடங்கிவிட்டால், கட்டுகஸ்தோட்டையானாலும் அக்குறணையானாலும் பேராதனையானாலும் கம்பளையானாலும், காய்ச்சலோடு வருபவருக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்கும் முதற் பரிசோதனைகளுள் ஒன்று ‘என்.எஸ்.1’. ஆய்வுகூடத்தில் அது விரல் நீளமுள்ள ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டை. குருதியிலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீரில் சில துளிகளை அதன் குழியில் விடுகிறார்கள். நீர் உள்ளிருக்கும் பட்டை வழியே மெல்ல ஊறி ஏறுகிறது. சற்று நேரத்தில் ‘சி’ என்ற எழுத்துக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு விழும். ‘டி’க்கு நேரேயும் ஒன்று விழுந்தால் டெங்கு. ஒரு பரிசோதனையின் பெயராகவே நம் வீடுகளில் புழங்கும் இந்த என்.எஸ்.1 உண்மையில் ஒரு புரதத்தின் பெயர். டெங்கு வைரஸ் நம் கலங்களுக்குள் இருந்துகொண்டு செய்து, நம் குருதிக்குள் விடும் புரதம் அது. பட்டையில் பதித்து வைத்த பிறபொருளெதிரி அதைப் பற்றிக்கொள்வதால்தான் இரண்டாவது கோடு தெரிகிறது. ஒரு புரதம் இன்னொன்றைப் பற்றுவதை வைத்தே டெங்குவைக் கண்டுபிடிக்கிறோம். டெங்கு நம்மைப் படுக்கையில் தள்ளுவதும் அதே வழியில்தான். வைரஸின் புரதங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் அவற்றின் கேடு முழுதாகப் பிடிபடாது. அவை ஒன்றோடொன்று சேரும்போதும் நம் புரதங்களோடு சேரும்போதும் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மருந்தையும் அந்தச் சேர்க்கை நடக்கும் இடத்திலேயே தேட வேண்டும் என்பது என் வாதம்.

வைரஸின் கையிருப்பை எண்ணிப் பார்த்தால் வியப்பு வரும். ஏறத்தாழ 10,700 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழை, அதிலிருந்து கிடைப்பவை வெறும் 10 புரதங்கள். மூன்று வைரஸின் உடலாகின்றன, ஏழு கலத்துக்குள் வேலை பார்க்கின்றன. மனித உடலில் புரதம் செய்யும் பரம்பரையலகுகள் மட்டும் ஏறத்தாழ 20,000. பத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய வீட்டை ஆள வேண்டுமானால் ஒவ்வொன்றும் பல வேலை பார்த்தாக வேண்டும். அந்தப் பத்தும் பிறக்கும்போது தனித்தனியாகவும் இல்லை. நீண்ட ஒரே சங்கிலியாகப் பிறந்து, பிறகு வெட்டுப்பட்டுப் பிரிகின்றன. வெட்டுவதில் ஒரு பங்கு நம் கலத்தின் நொதியங்களுடையது, மறு பங்கு வைரஸின் என்.எஸ்.3 என்ற கத்தரிக்கோலுடையது. அந்தக் கத்தரிக்கோல் தனியாக விட்டால் வெட்டாது. என்.எஸ்.2பி என்ற சிறு புரதத்தின் ஒரு துண்டு அதைச் சுற்றி அணைத்துக்கொண்டால்தான் அதன் வெட்டுவாய் சரியான உருவத்துக்கு வரும். அதே என்.எஸ்.3இன் மறுபாதி ஆர்.என்.ஏ.யின் முறுக்கைப் பிரிக்கிறது, பிரிந்த இழையை என்.எஸ்.5 நகலெடுக்கிறது, சவ்வில் புதைந்திருக்கும் என்.எஸ்.4பி, என்.எஸ்.3ஐப் பற்றி அங்கே நிறுத்தி வைக்கிறது. இந்தப் பிடிகளில் ஒன்று நழுவினாலும் வைரஸ் பெருகாது.

நம் புரதங்களோடு அவை சேரும் விதம் இதைவிடவும் கவனிக்கத்தக்கது. வைரஸ் புகுந்த கலம் இன்டர்பெரோன் என்ற எச்சரிக்கைப் பொருளை வெளிவிடும். அந்த எச்சரிக்கையைப் பக்கத்துக் கலங்களின் கருவுக்குள் கொண்டுசேர்ப்பவற்றுள் ஸ்டாட்2 என்ற புரதம் முக்கியமானது. நகலெடுப்பதைத் தொழிலாகக் கொண்ட என்.எஸ்.5 இங்கே இரண்டாவது தொழில் பார்க்கிறது. ஒரு புறம் ஸ்டாட்2ஐயும் மறு புறம் யூ.பி.ஆர்.4 என்ற இன்னொரு மனிதப் புரதத்தையும் பற்றிக்கொள்கிறது. வேண்டாத புரதங்களுக்கு அடையாளமிட்டு அழிவுக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் சேர்ந்தது யூ.பி.ஆர்.4. இரண்டையும் அருகருகே கொண்டுவந்து விடுவதோடு வைரஸின் வேலை முடிந்தது. நம் தூதனை நம் வீட்டுத் துப்புரவாளரே அழித்துவிடுகிறார். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் காட்டிய ஒன்றை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எலியின் ஸ்டாட்2 இந்தப் பிடிக்கு அகப்படுவதில்லை. சாதாரண எலிக்கு டெங்கு எளிதில் பிடிக்காததற்கும், ஆய்வுக்கூடங்கள் இன்டர்பெரோன் வழி முடக்கப்பட்ட எலிகளைத் தேடிப் போவதற்கும் இது ஒரு காரணம்.

உடவத்தகலை வனத்திலிருந்து இறங்கி வந்து கண்டி நகரத்துக் கூரைகளில் ஓடித் திரியும் செங்குரங்குகளை, சிங்களத்தில் ரிலவா என்பார்கள், இங்கே எல்லோருக்கும் தெரியும். பொலன்னறுவையில் இதே இனத்துக் குரங்குகளின் குருதியை ஆராய்ந்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பீலிக்ஸ் அமரசிங்க அதில் பங்குகொண்டவர். அந்தக் குரங்குகளிடையே டெங்கு பரவியிருந்ததற்கான சான்று அவற்றின் பிறபொருளெதிரிகளில் இருந்தது. டெங்கு வைரஸ்களின் முன்னோர் காட்டுக் குரங்குகளிடமிருந்தே மனிதரிடம் வந்தன என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால் குரங்கின் உடலில் வைரஸ் மனிதரில் பெருகும் அளவுக்குப் பெருகுவதில்லை. ஏன்? 2018இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விடை வந்தது. மனிதக் கலத்தில் ஸ்டிங் என்ற காவற் புரதம் ஒன்று உண்டு. என்.எஸ்.2பியும் என்.எஸ்.3உம் சேர்ந்த கத்தரிக்கோல் அதை வெட்டிவிடுகிறது, இன்டர்பெரோன் குறைகிறது. டெங்குவின் காப்பகமாகக் கருதப்படும் குரங்கினங்களின் ஸ்டிங்கை அதே கத்தரிக்கோலால் வெட்ட முடியவில்லை. வேறுபாடு ஸ்டிங் சங்கிலியின் 78ஆம், 79ஆம் இடங்களில் இருக்கும் இரண்டே அமினோ அமிலங்களில் இருந்தது. அந்த இரண்டையும் மனிதரில் உள்ளவாறு மாற்றியதும் குரங்கின் ஸ்டிங்கும் வெட்டுப்பட்டது. வைரஸ் அதே வைரஸ், கத்தரிக்கோலும் அதே கத்தரிக்கோல். எதிரே இருக்கும் புரதத்தில் இரண்டு இடங்கள் மாறினால் விளைவு மாறுகிறது. நோயின் வேர் சேர்க்கையில் இருக்கிறது என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

இனி என்.எஸ்.1. ஆறு என்.எஸ்.1 மூலக்கூறுகள் கூடி, நடுவே கொழுப்பைச் சுமந்த ஒரு பீப்பாய் போலக் குருதியில் மிதக்கின்றன. டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் காய்ச்சலின் சூடு அல்ல. காய்ச்சல் தணியும் நேரத்தில் நுண்குழாய்களின் சுவர் வழியே குருதியின் நீர்ப்பகுதி கசிவதுதான். விடுதியில் தாதியர் மணிக்கொரு தரம் நாடியையும் குருதியமுக்கத்தையும் பார்ப்பதும், திரும்பத் திரும்பப் ‘பி.சி.வி.’ எடுத்துக் குருதி தடிப்பதைக் கவனிப்பதும் இந்தக் கசிவைப் பிடிக்கத்தான். 2015இல் அவுஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகள் என்.எஸ்.1ஐ இந்தக் கசிவோடு நேரடியாகத் தொடுத்தன. பற்றீரியாக்களின் நச்சை இனங்காணும் டி.எல்.ஆர்.4 என்ற நம் புரதத்தை என்.எஸ்.1 தூண்டிவிடுகிறது. வைரஸே இல்லாமல் இந்தப் புரதத்தை மட்டும் ஏற்றிய எலிகளிலும் குழாய்கள் கசிந்தன. குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சர்க்கரைப் படலம் என்.எஸ்.1 பட்டுச் சிதைவதை அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. நெருங்கிய உறவுக்கார வைரஸ்களான சிக்காவின் என்.எஸ்.1உம் மூளையழற்சி வைரஸ்களின் என்.எஸ்.1உம் வேறு உறுப்புகளின் குழாய்களை நாடுகின்றன. ஒரே குடும்பத்து வைரஸ்கள் வெவ்வேறு நோய்களைத் தருவதன் ஒரு காரணத்தை இங்கே காண்கிறோம்.

இத்தகைய ஆராய்ச்சிமேல் உள்ள முதல் ஐயம் நியாயமானது. கலத்தை உடைத்து, வைரஸ் புரதத்தைத் தூண்டிலாகப் போட்டு, ஒட்டிக்கொண்டு வருபவற்றையெல்லாம் பட்டியலிட்டால், உயிருள்ள கலத்தில் ஒருபோதும் சந்திக்காதவையும் அந்தப் பட்டியலில் ஏறிவிடும். உண்மை. அப்படிப்பட்ட பட்டியலை மட்டும் நம்பி எதையும் சொல்லக் கூடாது. ஆனால் முற்றிலும் வேறு வழியில் போனவர்களும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தால்? 2016இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் மனிதக் கலங்களின் பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைத்து, எது இல்லாவிட்டால் டெங்கு பெருகாது என்று தேடினார்கள். புதிய புரதங்களுக்குச் சர்க்கரைச் சங்கிலி பூட்டும் ஓ.எஸ்.டி. என்ற கூட்டுநொதியம் அதில் முன்னுக்கு வந்தது. மறு ஆண்டு, என்.எஸ்.1ஐத் தூண்டிலாகப் போட்ட வேறொரு குழுவின் கையிலும் அதே ஓ.எஸ்.டி. சிக்கியது. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. ஓ.எஸ்.டி.யின் சர்க்கரை பூட்டும் திறனை நிறுத்தினாலும் டெங்கு பெருகுகிறது. அந்தப் புரதக் கூட்டமே இல்லாவிட்டால்தான் பெருகுவதில்லை. அதன் வேலை வைரஸுக்கு வேண்டாம். சாய்ந்துகொள்ளத் தூண் வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த மறுப்பு மருந்தைப் பற்றியது. நம் புரதத்தைத் தொடும் மருந்து நம்மையே தாக்காதா, வைரஸ் புரதத்தைத் தொடும் மருந்தை அது உருமாறித் தப்பாதா என்று கேட்பார்கள். நம் பக்கத்து நொதியம் ஒன்றைத் தடுக்கும் செல்கோசிவிர் சிங்கப்பூரில் நோயாளரிடம் சோதிக்கப்பட்டு, வைரஸின் அளவையோ காய்ச்சலையோ போதிய அளவு குறைக்கவில்லை என்ற முடிவு 2014இல் வந்ததை மறைக்க வேண்டியதில்லை. நான் நம்பிக்கை வைப்பது வேறொரு வழியில். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகமும் ஜான்சன் நிறுவனமும் சேர்ந்து, முன்பு சொன்ன என்.எஸ்.3க்கும் என்.எஸ்.4பிக்கும் இடையிலான பிடியைக் குலைக்கும் மூலக்கூறு ஒன்றை 2021இல் அறிவித்தார்கள். நால்வகை டெங்கு வைரஸ்களிலும் அது வேலை செய்தது. நம் புரதம் எதுவும் அந்தப் பிடியில் இல்லை. ஆய்வுகூடத்தில் அதற்குத் தப்பும் திரிபுகள் தோன்றின, ஆனால் தோன்றப் பல வாரங்கள் பிடித்தன. பிடியின் ஒரு பக்கம் மாறினால் மறு பக்கத்தோடு பொருந்தாமல் போகலாம் என்பதால் அங்கே உருமாறுவது வைரஸுக்கு மலிவான காரியமல்ல. இதன் வழிவந்த மொஸ்னோடென்விர், பலவீனப்படுத்திய டெங்கு வைரஸைத் தாமாக ஏற்றுக்கொண்டவர்களிடம் முன்கூட்டியே கொடுக்கப்பட்டபோது வைரஸைக் குறைத்தது. இருந்தும், 2024 ஒக்டோபரில் ஜான்சன் அண்ட் ஜான்சன் அடுத்த கட்டக் கள ஆய்வை நிறுத்தியது. பாதுகாப்புக் குறைபாடு காரணமல்ல, நிறுவனத்தின் முன்னுரிமைகள் மாறியதே காரணம் என்றார்கள். வெப்பமண்டல நாடுகளில் வாழ்பவர்களின் நோய்க்கு இப்படி நேர்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வலுவான மறுப்பு காலத்தைப் பற்றியது. கசிவு தொடங்கும்போது வைரஸ் ஏற்கனவே குறைந்துகொண்டிருக்கும். அப்போது வைரஸைத் தடுத்து என்ன பயன்? இதை நான் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இந்த மறுப்பு என் வாதத்துக்கு எதிராகப் போகவில்லை. வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து காய்ச்சலுக்கு முன்போ முதல் நாளிலோ வீட்டாருக்கும் அயலாருக்கும் பயன்படலாம். விடுதியில் கிடப்பவருக்குத் தேவை, என்.எஸ்.1 நம் குழாய்களைத் தொடுவதைத் தடுக்கும் ஒன்று. எலிகளில் என்.எஸ்.1க்கு எதிரான பிறபொருளெதிரி அதைச் செய்திருக்கிறது. இரண்டும் வெவ்வேறு சேர்க்கைகள், எனவே வெவ்வேறு மருந்துகள். இவை வரும்வரை, அளந்து ஏற்றும் சேலைனும் விழித்திருக்கும் தாதியும்தான் நம் மருந்து. 2017இல் இந்நாட்டில் டெங்கு என ஐயுற்றுப் பதிவானவர்கள் 186,101 பேர், இறந்தவர்கள் 440 பேர். அந்த வெள்ளத்திலும் இறப்பு விகிதம் ஒரு வீதத்துக்கும் மிகக் கீழே நின்றது வைத்தியசாலைகளின் உழைப்பால்.

பீலியைத் துப்புரவாக்கி, டயரைக் கவிழ்த்து, நுளம்பை ஒழித்தால் போதாதா, இந்தப் புரதக் கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், சரிவு சரிவாக வீடுகள் அடுக்கிய இந்த நகரத்தில், ஒவ்வொரு கூரைப் பீலியையும் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் யாராலும் எட்ட முடியாது. 2017இல் டெங்கு-2 பெருகியபோது அதற்கு முன் அந்த வகையைச் சந்தித்திராத ஏராளமானோர் நாட்டில் இருந்தார்கள். நுளம்பு ஒழிப்பு எவ்வளவு நல்லதானாலும் அதைத் தாண்டி வரும் நோயாளி ஒருவர் இருந்துகொண்டே இருப்பார்.

அந்த நோயாளிக்கு இப்போதே செய்யக்கூடிய ஒன்று அந்த வெள்ளை அட்டையில் இருக்கிறது. பாங்கொக்கில் சிறுவர்களை ஆராய்ந்தவர்கள், காய்ச்சல் தொடங்கி 72 மணித்தியாலத்துக்குள் குருதியில் மில்லிலீற்றருக்கு 600 நானோகிராமுக்கு மேல் என்.எஸ்.1 இருந்தவர்களுக்குக் கடுமையான டெங்கு வரும் ஆபத்து அதிகம் என்று 2002இலேயே எழுதினார்கள். நம் அட்டை ‘உண்டு’, ‘இல்லை’ என்று மட்டும் சொல்கிறது. எவ்வளவு என்று சொல்வதில்லை. பேராதனையில் மருத்துவ பீடமும் போதனா வைத்தியசாலையும் சிறுவர் வைத்தியசாலையும் அருகருகே இருக்கின்றன, சில கிலோமீற்றரில் கண்டி தேசிய வைத்தியசாலை. பரிசோதனைக்குப் பிறகு மிஞ்சும் அந்தச் சில துளிகளை, உரிய அனுமதியோடு, குளிரறையில் வைத்து அளவிட்டு, எந்த வகை டெங்கு, எத்தனையாம் நாள், எவருக்குக் கசிந்தது என்று மூன்று மழைக்காலங்கள் தொடர்ந்து எழுதிவந்தாலே, கண்டியின் நோயாளர்களுக்கு அந்த 600 பொருந்துமா, வேறு எண் வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.